முன் சக்கரத்தில் வைத்த பொட்டு

செப்டம்பர் 17, ஞாயிறு

என் வண்டிக்குச் செயின் இறுக்கினேன். கொஞ்சம் தொங்குகிறதே என்று ஆரம்பித்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இறுக்கியதில் தம்புராக் கம்பி மாதிரி ஆகிவிட்டது. சுண்டினால் சுதி வந்தது. அந்தச் சந்தோஷத்தில் கிளம்பிப் பந்தல்குடி ரோட்டில் மூன்று கிலோமீட்டர் போயிருப்பேன், பட்டென்று அறுந்து ரோட்டில் பாம்பாகக் கிடந்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஒரு பிரேக் அடித்து நின்று, என் தாயார் தகப்பனாரை எல்லாம் விசாரித்துவிட்டுப் போனார். வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு வந்தேன். என் மனைவி பேச்சி சிரித்தாள். மகள் வினோ சிரித்தாள். நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு எங்கள் வீட்டில் கறி இல்லாவிட்டாலும் நான் உண்டு.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஆயில் மாற்றினேன். அடி போல்ட்டைத் திருகினேனா இல்லையா என்பது மறுபடியும் ரோட்டுக்குத்தான் தெரியும். வீட்டிலிருந்து நான் வேலை பார்க்கும் எடைமேடை வரை ஒரே ஆயில் கோடு. சாயங்காலம் டீக்கடையில் ஒருத்தர், வழி தெரியாதவர்கள் உங்கள் வீட்டுக்குக் கோட்டைப் பிடித்தே வந்துவிடலாம் என்றார். பன்னிரண்டு வருடமாக லாரியை மேடையில் ஏற்றி எடை போடுகிறேன், பத்து கிலோ கூடக் குறைய எழுதியது கிடையாது. நட்டு போல்ட் என்றால் மட்டும் கைக்குப் புத்தி வேறு ஆகிவிடுகிறது.

அக்டோபர் 1, ஞாயிறு

வினோ இன்று வீட்டில். காலை ஐந்தே முக்காலுக்கு வண்டி கிளம்பும் சத்தம் இல்லாமல் தெருவே தூங்கிப்போனது.

அவள் வேலையை எழுதி வைக்க வேண்டும். டவுனில் உள்ள ரத்தப் பரிசோதனை லேப்பில் இருந்து கரிசல் கிராமங்கள் பன்னிரண்டுக்கு அவள்தான் போகிறாள். சர்க்கரைக்காரர்கள், கர்ப்பிணிகள், பஸ் ஏற முடியாத கிழடுகள், எல்லாருக்கும் வீட்டுவாசலில் ரத்தம் எடுத்து, பின்சீட்டில் கட்டிய ஐஸ் பெட்டியில் வைத்து, பத்தரைக்குள் லேப் வந்து சேர வேண்டும். அறுபது கிலோமீட்டர். ஸ்கூட்டர் அந்த ரோட்டுக்குத் தாங்காது என்று கியர் பைக்கே வாங்கினாள். எங்கள் தெருவில் கியர் வண்டி ஓட்டும் முதல் பெண் என் மகள். எட்டாவதோடு நின்ற அப்பனுக்கு இதைவிட வேறு பட்டம் வேண்டாம்.

என் மச்சினன் உலகநாதனுக்குத்தான் பொறுக்கவில்லை. பொம்பளப் பிள்ளைக்கு நூற்றைம்பது சிசி எதுக்கு என்று வரும்போதெல்லாம் கேட்கிறான். அவனுக்கு நூறு சிசி. வேறு காரணம் இல்லை.

அக்டோபர் 23, திங்கள் - ஆயுத பூஜை

காலையிலேயே இரண்டு வண்டியையும் வாசலில் நிறுத்திவிட்டேன். கழுவுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஸ்பானர் எடுக்கக் கூடாது என்று வினோ சத்தியம் வாங்கினாள். சத்தியத்தைக் காப்பாற்றினேன்.

என் வண்டி அரை மணி நேரத்தில் முடிந்தது. கிழட்டு மாட்டைக் குளிப்பாட்டி என்ன ஆகப் போகிறது. அவள் வண்டிக்குத்தான் மூன்று மணி நேரம். ஷாம்பு பாக்கெட் நான்கு, பழைய டூத் பிரஷ் இரண்டு. அதன் முன் சக்கரத்தில் டிரம் கிடையாது, வட்டமாக ஒரு இரும்புத் தட்டு, ஓட்டை ஓட்டையாக முறுக்கு அச்சு மாதிரி. டிஸ்க் என்பார்கள். கழுவிய ஈரத்தில் அது லேசாகத் துரு பூத்திருந்தது. பூஜைக்கு நிற்கிற வண்டியில் துருவா? தேங்காய் எண்ணெயைப் பனியன் துணியில் தொட்டு, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, தட்டின் இரண்டு பக்கமும் தேய்த்தேன். முகம் பார்க்கலாம் போல ஆயிற்று. இருக்கிற இடத்திலேயே அழகான இடம் அதுதான் என்று அதிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன்.

ஷோரூமில்கூட இப்படி இல்லை என்றாள் வினோ. எலுமிச்சம்பழத்தின் மேல் ஓர் அடி ஏற்றி இறக்கிவிட்டு அப்படியே நிறுத்தினாள். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது.

சுண்டலும் பொரியும் தின்று வயிறு கனம். நல்ல நாள்.

அக்டோபர் 24, செவ்வாய்

வண்டிகள் மாலையோடு நிற்கின்றன. தெருவில் போகிறவர்கள் அவள் வண்டியைத்தான் பார்க்கிறார்கள்.

அக்டோபர் 25, புதன்

வினோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எட்டே முக்காலுக்கு ஆலடிப்பட்டி விலக்கு டீக்கடையிலிருந்து போன். எடைமேடையில் லாரியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன். ஓடைப் பாலத்து இறக்கம். கீழே செம்மறி ஆடுகள் ரோட்டைக் கடந்துகொண்டிருந்திருக்கின்றன. எதிரே மக்காச்சோள லாரி. இவள் நிற்காமல் வந்து, ஆட்டுக்கும் லாரிக்கும் நடுவில் எப்படியோ நுழைந்து, பருத்திக் காட்டுக்குள் போய் விழுந்திருக்கிறாள். லாரிக்கும் அவளுக்கும் ஒரு சாண் என்றார் டீக்கடைக்காரர், கையை விரித்துக் காட்டி. அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

முழங்காலில் நான்கு தையல். தாடையில் சிராய்ப்பு. ஐஸ் பெட்டி உடைந்து பதினெட்டு பேர் ரத்தம் கரிசல் மண்ணில். அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதில் ஒரு பாட்டிக்கு நரம்பே கிடைக்காமல் மூன்று முறை குத்தி எடுத்ததாம்.

"பிரேக் பிடிச்சேன்னுதாம்ப்பா நெனைக்கிறேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பிடிச்சேனா?" என்று என்னையே கேட்டாள்.

ஊருக்குள் மெதுவாகப் போகும்போது கால் பிரேக்கே போதும். முன் பிரேக்கை முழுதாக நம்ப வேண்டிய இடம் அந்த இறக்கம் ஒன்றுதான்.

வண்டியை நானே போய் எடுத்துவந்தேன். ஹேண்டில் பார் லேசாக வளைவு, இண்டிகேட்டர் ஒன்று இல்லை. முன் தட்டில் புழுதி சேறு மாதிரி அப்பியிருந்தது. குங்குமம் வேறு. துடைத்தேன். சோப்புத்தூள் போட்டு ஒருமுறை, பெட்ரோல் ஊற்றி ஒருமுறை, மறுபடி சோப்புத்தூள். கையில் தேங்காய் எண்ணெய் மணம் போகவில்லை.

அக்டோபர் 26, வியாழன்

இண்டிகேட்டர் வாங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். போன இடத்தில் பேச்சுவாக்கில் கேட்டு வைத்தேன், டிஸ்க் தட்டில் எண்ணெய் பட்டால் என்ன ஆகும் என்று.

கடைக்காரர் கணேசமூர்த்தி எனக்குப் பழக்கம்தான். "ஒண்ணும் ஆகாது, நேரா மேல போயிரலாம்" என்றார். தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கட்டையில் எண்ணெய் ஊறிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் வழுக்கும், கட்டையையே மாற்ற வேண்டும் என்று விளக்கினார். வருடா வருடம் ஆயுத பூஜை முடிந்த கையோடு இரண்டு மூன்று பேர் இப்படி வருவார்களாம். தட்டு பளபளப்பாக இருக்கிறதே என்று எண்ணெய் போட்டுவிட்டு.

"இந்த வருசம் யாரு அந்த அறிவாளி?" என்று கேட்டார்.

எங்கள் தெருவில் ஒருத்தன் என்றேன். அவர் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நல்லாவே சிரித்தேன்.

பிரேக் கட்டை ஒரு ஜோடி வாங்கினேன். வீட்டுக்கு வந்து மாட்டினேன். முதல்முறையாக ஒரு வேலையைப் பிசகில்லாமல் செய்தேன். பார்க்க யாரும் இல்லை.

அக்டோபர் 28, சனி

உலகநாதன் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான். மருமகளைப் பார்க்க வந்தானா, தான் சொன்னது பலித்ததைப் பார்க்க வந்தானா தெரியவில்லை. முகத்தில் இரண்டும் இருந்தது. பயத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கை விறைத்துவிடும், பிரேக் என்று நினைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுவார்கள், அவன் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான் என்று வரிசையாகச் சொன்னான். வினோ பதில் பேசுவாள் என்று பார்த்தேன். வழக்கமாக அவனை நிற்க வைத்துத் துவைத்துக் காயப்போட்டுவிடுவாள். இன்று ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"மச்சான், நீங்க என்ன சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டான்.

வண்டி என்றால் விழத்தான் செய்யும் மாப்ள, நான் விழாததா என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நவம்பர் 1, புதன்

மதியம் மக்காச்சோள லாரி ஒன்று எடை போட வந்தது. சீட்டு எழுதும்போது டிரைவர் தானாகவே பேச ஆரம்பித்தார். போன வாரம் ஆலடிப்பட்டி இறக்கத்தில் ஒரு பெண் அவர் லாரியில் அடிபடப் பார்த்தாளாம். ஏழு நாளாகச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லையாம். நான் யார் என்று அவருக்குத் தெரியாது.

"பாவம்ணே அந்தப் பிள்ள. அது மேல தப்பே இல்ல. வலது கையில பிரேக்க அமுக்கிப் பிடிச்சமேனிக்கு வருது, விரலெல்லாம் வெளுத்துப்போச்சு. நான் கண்ணால பாத்தேன். வண்டிதான் நிக்கல."

எடைச் சீட்டில் 18,640 என்பதற்கு 16,840 என்று எழுதிவிட்டேன். டிரைவர்தான் பார்த்துச் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

அவர் போன் நம்பரை வாங்கவில்லை. வாங்கியிருக்கலாம்.

நவம்பர் 2, வியாழன்

சொல்லிவிடலாம் என்றுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். பேச்சி கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

தையல் பிரித்தாயிற்று. திங்கள் முதல் வேலைக்கு வர முடியுமா என்று லேப் மேடம் கேட்டிருக்கிறார்கள். அதுவரை ஒரு பையனை அமர்த்தி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். வினோவைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போனேன், வண்டியை நானே ஓட்டிக்கொண்டு.

ஏற மாட்டேன் என்றாள். வண்டியில் ஏதோ கோளாறு இருக்கிறது, அன்றைக்கு அவள் பிடித்தது உண்மை, பிரேக்தான் பிடிக்கவில்லை என்றாள். அப்போது சொல்லியிருக்க வேண்டும். மைதானத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாயும்தான்.

எனக்கு அவள் எப்படியாவது ஏறிவிட வேண்டும், அவ்வளவுதான். ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், பிறகு எதையும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்காது. அதனால், பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, பார் என்று நான் வேகமாக ஓட்டிப் பிடித்துக் காட்டினேன். வண்டி கோடு போட்ட மாதிரி நின்றது. மூன்று தடவை காட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள்.

"அப்ப எம்மேலதாம்ப்பா தப்பு" என்றாள்.

ஏறினாள். இரண்டு சுற்று வந்தாள், உட்கார்ந்திருந்த விதமே வேறாக இருந்தது, கண்ணாடிப் பாத்திரத்தின் மேல் உட்கார்ந்த மாதிரி. மூன்றாவது சுற்றில் அந்த நாய் எழுந்து குறுக்கே நடந்தது. ரொம்பத் தூரத்தில்தான். முன் பிரேக்கை முழுக்க அமுக்கிவிட்டாள். புதுக் கட்டை அல்லவா, கப்பென்று கவ்வியது. விழுந்தாள். அடி எதுவும் இல்லை. வண்டியைத் தூக்கக்கூட முயலாமல் மணலில் உட்கார்ந்துகொண்டு, முதல்தடவை பிடிக்காமல் விழுந்தேன், இப்போது பிடித்து விழுந்தேன் என்று சொல்லிச் சிரித்தாள். என்னுடைய சிரிப்பு அது. அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்ததே இல்லை.

நவம்பர் 8, புதன்

லேப்பில் வினோவைக் கவுன்ட்டரில் உட்கார வைத்துவிட்டார்கள். அவளேதான் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். குழாயில் பெயர் எழுதி ஒட்டுகிற வேலை. பன்னிரண்டு கிராமமும் அந்தப் பையனுக்கு. டவுன் பஸ்ஸில் போய் டவுன் பஸ்ஸில் வருகிறாள். காலையில் எட்டு மணிவரை தூங்குகிறாள். பேச்சிக்கு அதில் சந்தோஷம். பிள்ளை முகத்தில் களை வந்திருக்கிறது என்கிறாள்.

எனக்கு ஐந்தே முக்காலுக்கு முழிப்பு வந்துவிடுகிறது.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். சோப்பு மூன்று தடவை போட்டேன்.

நவம்பர் 17, வெள்ளி

வண்டியை விற்றாயிற்று. கல்லூரணியிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. பிரேக் அருமையாகப் பிடிக்கிறது, வண்டியை நல்லாப் பராமரித்திருக்கிறீர்கள் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார். வினோ சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் டிவி போட்டாள். ஆர்.சி. புத்தகத்தை நான்தான் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

அவர் தெருமுனை திரும்பும் வரை நின்று பார்த்தேன். திரும்பும்போது பிரேக் விளக்கு எரிந்தது.

நவம்பர் 19, ஞாயிறு

இன்று சொல்லிவிட்டேன்.

மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். வினோ கவுன்ட்டர் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். கிராமத்திலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி வந்து, நீ ஏன் இப்போதெல்லாம் வருவதில்லை, அந்தப் பையன் குத்தினால் வலிக்கிறது என்றாளாம். நீ என்ன சொன்னாய் என்று பேச்சி கேட்டாள். எனக்கு வண்டி ஓட்ட வராதும்மா என்று சொல்லிவிட்டேன் என்றாள், சாதாரணமாக, எனக்கு இந்தி வராது என்கிற மாதிரி.

"வினோ, உனக்கு ஓட்ட வரும். அன்னைக்குப் பிரேக்கக் கெடுத்தது நான்" என்றேன்.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பூஜை அன்று தட்டில் தேங்காய் எண்ணெய் பூசியதைச் சொன்னேன். பொட்டு வைத்ததைச் சொன்னேன். காட்டிலிருந்து வண்டியை எடுத்துவந்து சோப்புத்தூள் போட்டுக் கழுவியதை, கட்டை வாங்கி மாட்டியதை, எல்லாம் சொன்னேன். லாரி டிரைவர் சொன்னதையும் சொன்னேன். வரிசை மாறாமல் சொன்னதாகத்தான் நினைக்கிறேன்.

வினோ சிரிக்க ஆரம்பித்தாள். என் சிரிப்பு இல்லை, அவளுடைய பழைய சிரிப்பு. ஒரு மாதமாக நான் கேட்காதது.

"தேங்காண்ணயா? வேற எண்ணயே கிடைக்கலயாப்பா?"

சத்தியமாக என்றேன்.

"ப்ளஸ் டூல எனக்குக் கணக்குல மார்க் கொறஞ்சப்ப, பேப்பர் திருத்துன வாத்தியாருக்கு அப்பாதான் டீக்கடையில வணக்கம் வைக்கல, அதான் கொறச்சிட்டாருன்னு சொன்ன ஆளுதான நீங்க. அதுவும் சத்தியமாத்தான் சொன்னீங்க."

இது அது இல்லை என்றேன். அப்படியானால் மைதானத்தில் பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்று மூன்று தடவை பிடித்துக் காட்டியது யார் என்றாள். அது கட்டை மாற்றின பிறகு என்றேன். மாற்றினதை யார் பார்த்தார்கள் என்றாள். யாரும் பார்க்கவில்லை. பழைய கட்டை எங்கே என்றாள். குப்பையில் போட்டுவிட்டேன். அந்த டிரைவர் நம்பரைக் கொடுங்கள் என்றாள். என்னிடம் இல்லை.

ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டிக்கொண்டே வந்தாள், குழந்தை பொய் சொல்வதைக் கேட்கிற டீச்சர் மாதிரி, கோபமே இல்லாமல்.

பேச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பிள்ள மனசு ஆறணும்னு எம்புட்டு யோசிச்சு வச்சிருக்காரு பாரு" என்றாள்.

கணேசமூர்த்தி கடைக்கு வா, அவரிடமே கேட்போம் என்றேன். அதற்குள் வினோ எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பத்து வயதுக்குப் பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை.

"எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லப்பா. எல்லாருக்கும் எல்லாம் வராதுல்ல. நீங்க இதுக்காக இப்பிடியெல்லாம் கஷ்டப்படாதீங்க."

கணேசமூர்த்தியிடம் போயிருந்தாலும் பிரயோசனம் இல்லை. அவரிடம் நான் சொன்னது எங்கள் தெருவில் ஒருத்தன் என்று.

நவம்பர் 22, புதன்

மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் வினோவைக் கூட்டிவர லேப்புக்குப் போனேன். கவுன்ட்டரில் குனிந்து பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து அவ்வளவு அழகு.

லேப் மேடம் என்னைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்கள். வினோ எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். இவர்தான் அந்தத் தேங்காய் எண்ணெய் அப்பா என்று அங்கே வேலை பார்க்கிற இரண்டு பெண்களிடமும் காட்டினார்கள். மகளுக்காகப் பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்கிற மனசு யாருக்கு வரும், எங்கள் வீட்டில் நான் ஒரு தம்ளரை உடைத்தால்கூட எங்கள் அப்பா ஒரு வாரம் திட்டுவார் என்றார்கள். ஒரு பெண் எழுந்து எனக்கு ஃபேனைப் போட்டுவிட்டாள்.

டீ வாங்கி வரச் சொன்னார்கள். கூட ஒரு வடையும் வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வினோவும் கவுன்ட்டர் வழியாக எட்டிப் பார்த்தாள், பெருமையாக.

சாப்பிட்டேன்.